படங்கள் குடியிருக்கும் கோப்புறை: இணையத்தளம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

சங்கம், ஆலயம், தமிழ்ப்பள்ளி, சிறு வணிகம் என இன்று பலருக்கும் சொந்தமாக ஓர் இணையத்தளம் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்றைத் திறந்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்திய பக்கங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஆண்டு விழாச் செய்தி அப்படியே இருக்கும். ஆனால் படம் இருந்த இடத்தில் கிழிந்த தாள் போன்ற ஒரு சின்னம் மட்டும் நிற்கும். "படமெல்லாம் அழிந்துபோய்விட்டது" என்று பொறுப்பாளர்கள் வருந்துவார்கள். பல வேளைகளில் உண்மை வேறு. படங்கள் பத்திரமாகவே இருக்கும். அவற்றின் முகவரிதான் மாறியிருக்கும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்குப் பழைய முகவரியில் அனுப்பிய திருமண அழைப்பிதழைப் போன்றதுதான் இது. குடும்பம் நலமாக இருக்கிறது. அழைப்பிதழ்தான் போய்ச் சேரவில்லை.

இந்த வாரப் பாடத்தில், இணையத்தளத்தின் படக் கோப்புறையை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு வேர்ட்பிரஸை எடுத்துக்கொள்கிறோம். இது 2003ஆம் ஆண்டு மே மாதம் மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் வெளியிட்ட இலவச உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்தி எழுதலாம், படம் ஏற்றலாம் என்பதால் நம் சங்கங்களின் இணையத்தளங்களுக்கும் ஏற்றது. நீங்கள் பயன்படுத்துவது ஜூம்லாவாகவோ துருபலாகவோ இருந்தால் பொத்தான்களின் பெயர் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். படக் கோப்புறை பற்றிய முடிவுகளை முதல் படம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு செய்யும் மாற்றம் இனி வரும் படங்களை மட்டுமே தொடும். ஏற்கெனவே ஏறியவை பழைய ஏற்பாட்டிலேயே நிற்கும்.

ஒரு படம், மூன்று இடங்கள்

நீங்கள் கணினியிலிருந்து ஒரு படத்தை ஏற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது?

முதலாவதாக, படக் கோப்பு வழங்கிக்குப் போகிறது. வழங்கி என்பது நம் இணையத்தளம் குடியிருக்கும் கணினி. சர்வர் என்றும் சொல்வோம். அங்கே 'அப்லோட்ஸ்' என்ற கோப்புறையில் படம் சேமிக்கப்படுகிறது.

இரண்டாவதாக, தரவுத்தளத்தில் அந்தப் படத்துக்கு ஒரு பதிவு உருவாகிறது. படத்தின் தலைப்பு, ஏற்றிய தேதி, 'அப்லோட்ஸ்' கோப்புறைக்குள் அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தெந்த அளவுகளில் நகல் இருக்கிறது என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

மூன்றாவதாக, அந்தப் படத்தை நீங்கள் ஒரு கட்டுரைக்குள் சேர்க்கும்போது, கட்டுரையின் உடலுக்குள் படத்தின் முழு முகவரி எழுதப்படுகிறது. தளத்தின் பெயர், கோப்புறையின் பெயர், ஆண்டு, மாதம், கோப்பின் பெயர் எல்லாம் அந்த முகவரியில் அடங்கும்.

நூலகத்தோடு ஒப்பிட்டால் எளிதாக விளங்கும். அலமாரியில் இருக்கும் புத்தகம் முதலாவது. நூலகரின் பட்டியல் அட்டை இரண்டாவது. "இந்தப் புத்தகம் மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டில் இருக்கிறது" என்று வாசகர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பது மூன்றாவது. அலமாரியை நகர்த்திவிட்டுப் பட்டியல் அட்டையை மட்டும் திருத்தினால், நூலகருக்குப் புத்தகம் கிடைக்கும். குறிப்பேட்டை நம்பி வரும் வாசகருக்குக் கிடைக்காது.

"படப் பட்டியலில் படம் தெரிகிறது, கட்டுரையில் மட்டும் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றாவது இடத்தில்தான் சிக்கல் என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

முதல் அமைப்பு: ஆண்டும் மாதமும்

வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் 'செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, அதில் 'மீடியா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் கடைசியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். ஏற்றும் கோப்புகளை ஆண்டு, மாதம் என்று பிரித்த கோப்புறைகளில் வைக்கட்டுமா என்று அது கேட்கிறது. அதில் குறி இருந்தால், 2025 ஜூலையில் ஏற்றும் படம் '2025' என்ற கோப்புறைக்குள் '07' என்ற கோப்புறைக்குப் போகும். குறி இல்லையென்றால் எல்லாப் படமும் ஒரே கோப்புறையில் குவியும்.

குறியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. காரணங்கள் இரண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே இடத்தில் குவிந்தால், பழைய கோப்பு ஒன்றைத் தேடுவதும் நகல் எடுப்பதும் சிரமம். மேலும், ஒரே பெயரில் இரண்டு படம் ஒரே கோப்புறையில் இருக்க முடியாது. கைத்தொலைபேசியும் கேமராவும் வரிசை எண்ணைப் பெயராக வைப்பதால் ஒரே பெயர் அடிக்கடி வரும். அப்போது வேர்ட்பிரஸ் இரண்டாவது படத்தின் பெயரோடு 1, 2 என்று எண்ணைச் சேர்த்துவிடும். மாதவாரியாகப் பிரித்தால் இந்த மோதல் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோப்புறையில் இருப்பது படத்தை ஏற்றிய காலமே தவிர எடுத்த காலம் அன்று. உங்கள் தமிழ்ப்பள்ளியின் 1968ஆம் ஆண்டு வகுப்புப் படத்தை இன்று ஏற்றினால், அது இந்த ஆண்டின் கோப்புறையில்தான் உட்காரும். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குக் கோப்புறை எதையும் சொல்லாது. ஆகவே படம் எடுத்த ஆண்டு, இடம், இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் படத்தின் விளக்கப் பகுதியில் எழுதுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் இடம்மாறிய நம் சூழலில் சில படங்களுக்கு வேறு ஆவணமே இருக்காது.

இந்தக் கட்டத்தை நடுவில் மாற்றினால் என்ன ஆகும்? பழைய படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியவை வேறு இடத்துக்குப் போகும். தளம் உடையாது. ஆனால் பாதி ஒழுங்கும் பாதி குழப்பமுமாக அடுத்த செயலவைக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது அமைப்பு: ஒரு படம் எட்டாகும் கணக்கு

அதே 'மீடியா' பக்கத்தில் மூன்று அளவுகள் இருக்கும். சிறுபடம் 150×150 பிக்சல், நடுத்தர அளவு அதிகபட்சம் 300×300, பெரிய அளவு அதிகபட்சம் 1024×1024. இவை வேர்ட்பிரஸ் தானாக வைத்திருக்கும் எண்கள்.

திரையில் தெரிபவை மூன்று என்றாலும், மறைவாக வேறு சில அளவுகளும் உண்டு. கைத்தொலைபேசியில் எடுத்த 4000×3000 பிக்சல் படம் ஒன்றை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்புறைக்குள் பின்வருவன உருவாகும்:

1. நீங்கள் ஏற்றிய அசல், 4000×3000
2. இணையத்துக்காகச் சுருக்கிய பெரும்படம், 2560×1920
3. 2048×1536
4. 1536×1152
5. பெரிய அளவு, 1024×768
6. மறைவான இடை அளவு, 768×576
7. நடுத்தர அளவு, 300×225
8. சதுரச் சிறுபடம், 150×150

ஒரு படம் எட்டுக் கோப்புகளாகிவிட்டது. பொங்கல் விழாவில் எடுத்த 300 படங்களையும் அப்படியே ஏற்றினால் 2,400 கோப்புகள். தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் வார்ப்புரு தனக்கென்று இரண்டு மூன்று அளவுகளைக் கேட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறும். குறைந்த கட்டண வழங்கிச் சேவைகளில் இடத்துக்கு மட்டுமல்லாமல் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருப்பது உண்டு.

இத்தனை அளவுகள் வீண் என்று எண்ண வேண்டாம். 2015 டிசம்பரில் வெளிவந்த 4.4 பதிப்பிலிருந்து, வேர்ட்பிரஸ் இந்த அளவுகளின் பட்டியலை உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி திரையின் அகலத்தைப் பார்த்துப் பொருத்தமான ஒன்றை மட்டும் இறக்கிக்கொள்கிறது. கைத்தொலைபேசியில் பார்ப்பவரின் டேட்டா இதனால் மிச்சமாகிறது. அகலம் பாதியானால் பிக்சல்களின் எண்ணிக்கை பாதியாவதில்லை, காற்பங்காகிறது. 2048×1536 படத்தில் ஏறத்தாழ 31 லட்சம் பிக்சல்கள். 1024×768 படத்தில் ஏறத்தாழ 8 லட்சம்தான். சிறிய அளவை அனுப்புவதில் இவ்வளவு ஆதாயம் இருக்கிறது.

ஆனால் அசல் படத்தை நீங்களே முன்கூட்டிச் சுருக்கிவிடுவது நல்லது. காரணத்தைக் கணக்கால் பார்ப்போம். 4000×3000 என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டுகள். ஆக, படத்தை விரித்து வேலை செய்ய வழங்கியின் நினைவகத்தில் குறைந்தது 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள், அதாவது 36 மெகாபைட் வேண்டும். ஜேபெக் கோப்பாக அது 4 மெகாபைட்தான் இருக்கலாம். ஆனால் அளவை மாற்ற வேண்டுமானால் முழுவதையும் விரித்தே ஆக வேண்டும். பத்துப் படங்களை ஒரே நேரத்தில் ஏற்றும்போது சிறிய வழங்கிகள் திணறி, பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். அப்படி நிற்கும்போது வேர்ட்பிரஸ் காட்டும் செய்தியிலேயே 2560 பிக்சலுக்குள் ஏற்றும்படி ஆலோசனை இருக்கும். முன்கூட்டியே நீங்கள் அகலத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்துவிட்டால், இணையத்துக்கு அது தாராளம். அசலைத் தனி வன்தட்டில் பத்திரப்படுத்துங்கள்.

சிறுபடத்தின் அருகே, அளவுக்குச் சரியாக வெட்டட்டுமா என்று கேட்கும் இன்னொரு கட்டமும் உண்டு. குறி இருந்தால் படத்தின் நடுப்பகுதியைச் சதுரமாக வெட்டி எடுக்கும். 4000×3000 படத்தில் இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் போய்விடும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்கள் மறைவது இதனால்தான். குழுப் படங்கள் அதிகமுள்ள சங்கத் தளமென்றால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

ஓர் அளவு தேவையே இல்லையென்றால், அதன் அகலம், உயரம் இரண்டையும் 0 என்று வையுங்கள். அந்த அளவில் நகல் உருவாகாது.

இங்கும் அதே விதிதான்: எண்களை மாற்றினால் பழைய படங்களுக்குப் புதிய அளவு வராது. அதற்கு 'ரீஜெனரேட் தம்நெயில்ஸ்' போன்ற செருகுநிரலை ஓட்ட வேண்டும். ஓட்டும்போது பழைய அளவிலுள்ள நகல்களை அழிக்கச் சொல்லாதீர்கள். பழைய கட்டுரைகள் அந்த நகல்களின் பெயரைத்தான் தமக்குள் எழுதி வைத்திருக்கின்றன.

மூன்றாவது அமைப்பு: கோப்புறையின் இடம்

பழைய வேர்ட்பிரஸில் படக் கோப்புறையின் பாதையையே இந்தப் பக்கத்தில் மாற்ற முடிந்தது. 2012 டிசம்பரில் வந்த 3.5 பதிப்பில் அந்தப் பெட்டிகளைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது புதிதாக நிறுவும் தளத்தில் அதை மாற்ற வேண்டுமானால், தளத்தின் கட்டமைவுக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். தளம் காலியாக இருக்கும்போது சேர்த்தால் ஒரு நிமிட வேலை. நூறு கட்டுரைகளுக்குப் பிறகு சேர்த்தால் அது குடிபெயர்தல்.

வழங்கிச் சேவையை மாற்றுவதாலோ தளத்தின் பெயர் மாறுவதாலோ குடிபெயர்ந்தே ஆக வேண்டிய நிலை வரலாம். அப்போது இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் காப்பு நகல் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதி நகல்தான்.

அடுத்து, படங்களைப் புதிய இடத்துக்கு நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள். பழைய இடத்தில் உள்ளவை அப்படியே இருக்கட்டும்.

பிறகு, கட்டுரைகளுக்குள் எழுதப்பட்டுள்ள பழைய முகவரியைப் புதிய முகவரியாக மாற்றுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேர்ட்பிரஸ் சில விவரங்களைத் தரவுத்தளத்தில் எழுதும்போது, "அடுத்து வரும் சொல்லின் நீளம் 40" என்று நீளத்தையும் சேர்த்தே எழுதுகிறது. நீங்கள் சாதாரணத் தேடி மாற்றும் கருவியால் முகவரியை மட்டும் மாற்றினால், சொல் 36 ஆகும், நீளம் 40 என்றே நிற்கும். கணக்கு இடித்ததும் அந்த விவரம் முழுவதையும் மென்பொருளால் படிக்க முடியாமல் போகும். முகப்பின் பட வரிசையும் பக்கப் பட்டையும் மாயமாவது இப்படித்தான். நீளத்தையும் சேர்த்துத் திருத்தத் தெரிந்த 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' போன்ற செருகுநிரலைப் பயன்படுத்துங்கள். அதில் உண்மையாக மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதியும் உண்டு. ஒத்திகையை முதலில் ஓட்டி, எத்தனை இடங்களில் மாறும் என்று பாருங்கள்.

கடைசியாக, பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் நிரந்தர வழிமாற்றத்தை வழங்கியில் அமைக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தை வேறு தளங்களும் முகநூல் பதிவுகளும் பழைய முகவரியில் சுட்டியிருக்கலாம். அவற்றை உங்களால் திருத்த முடியாது. சில வாரங்கள் கவனித்து, எல்லாம் சரியாக இருந்த பிறகே பழைய நகலை அழியுங்கள்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வேர்ட்பிரஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில், ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். 'பொங்கல்' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி என்று ஏழு குறிகள். ஏழு பெருக்கல் மூன்று, 21 பைட்டுகள். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ஆக 'பொங்கல்' என்ற ஒரே சொல் முகவரியில் 63 எழுத்துகளாக நீள்கிறது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது வரும் அந்த நீண்ட, புரியாத சுட்டி இதுதான். லினக்ஸ் வழங்கிகளில் ஒரு கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. தமிழில் அது 85 குறிகள்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'பொ' என்பதில் உள்ள ஒகரத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம்; அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வழங்கிக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்: ஒன்று 21 பைட்டு, மற்றது 24 பைட்டு. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்தே சேமிக்கும். தளத்தின் படங்களை அத்தகைய கணினிக்கு இறக்கி, மறுபடியும் வேறு வழங்கிக்கு நேரடியாக ஏற்றினால், ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள பெயர்களைக் கொண்ட படங்கள் மட்டும் காணாமல் போகலாம். 'கல்வி' தெரியும், 'பொங்கல்' தெரியாது! காரணம் அறியாதவர் நாள் கணக்கில் தேடுவார்.

ஆங்கிலப் பெயரிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் கணினிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கோப்புப் பெயரில் ஒன்றுதான். லினக்ஸ் வழங்கிக்கு அவை வேறு வேறு. உங்கள் கணினியில் தெரிந்த படம் தளத்தில் தெரியாமல் போனால் இதையும் பாருங்கள்.

எனவே கோப்பின் பெயருக்குச் சின்ன ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு இவை மூன்றும் போதும். தமிழை அதற்குரிய இடத்தில் நிறைவாக எழுதுங்கள். தலைப்பு, படக்குறிப்பு, மாற்று உரை ஆகிய பெட்டிகள் அதற்காகவே இருக்கின்றன. மாற்று உரை என்பது பார்வையற்றவரின் திரைவாசிப்பான் உரக்கப் படிப்பது. தேடுபொறியும் படத்தை அறிந்துகொள்ள அதைப் பார்க்கிறது. "2019 பொங்கல் விழாவில் கோலம் போடும் ஐந்தாம் ஆண்டு மாணவிகள்" என்று எழுதினால் இருவருக்கும் பயன்.

பூட்டில்லாத கோப்புறை

இதுவரை சொன்னவற்றைத் தவறவிட்டால் படம் தெரியாமல் போகும். இனிச் சொல்வதைத் தவறவிட்டால், தெரியக்கூடாதது ஊருக்கே தெரிந்துவிடும்.

படக் கோப்புறை கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையைப் போன்றது. யாரும் நடந்து போகலாம். கட்டுரையைத் 'தனிப்பட்டது' என்று குறித்தாலும், கடவுச்சொல் போட்டுப் பூட்டினாலும், பூட்டப்படுவது கட்டுரை மட்டுமே. அதிலுள்ள படத்தின் நேரடி முகவரியை அறிந்த எவரும் கடவுச்சொல் இல்லாமலே அதைத் திறக்கலாம். கட்டுரையிலிருந்து படத்தை எடுத்துவிட்டாலும் கோப்பு கோப்புறையில் இருந்துகொண்டே இருக்கும். மீடியா பட்டியலுக்குச் சென்று நிரந்தரமாக நீக்கினால்தான் அதன் எல்லா அளவுகளும் போகும்.

உறுப்பினர் விண்ணப்பத்தோடு அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் சங்கங்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பப் படிவச் செருகுநிரல்கள் சில, வரும் கோப்புகளையும் இதே 'அப்லோட்ஸ்' கோப்புறைக்குள்தான் வைக்கின்றன. மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு. முகமும் வீட்டு முகவரியும் சேர்ந்த அந்தப் படம் மோசடிக்காரர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதி செய்வது அவசியமானாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ நகலையோ கேட்டு வாங்கக்கூடாது. நாம் பின்பற்றக்கூடிய எளிய விதி ஒன்று: அடையாள அட்டைப் படத்தை இணையத்தளம் வழியாக வாங்கவே வேண்டாம்.

இவற்றோடு நான்கு காரியங்களைச் செய்துவிடுங்கள்.

ஒன்று, கோப்புறைப் பட்டியலை அடையுங்கள். சில வழங்கிகளில், கோப்புறையின் முகவரியை மட்டும் தட்டினால் உள்ளிருக்கும் எல்லாக் கோப்புகளின் பெயரும் பட்டியலாக விரியும். அப்பாச்சி வகை வழங்கியில் ஒரே வரி அமைப்பால் இதை நிறுத்தலாம். உங்கள் வழங்கிச் சேவையாளரிடம் கேளுங்கள்.

இரண்டு, அனுமதி எண்களைச் சரிபாருங்கள். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பது வழக்கமான அமைப்பு. படிக்க 4, எழுத 2, கோப்புறைக்குள் நுழைய 1 என்பது கணக்கு. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். 755 என்றால் உரிமையாளருக்கு எல்லா உரிமையும், பிறருக்குப் படிக்கவும் நுழையவும் மட்டும். "படம் ஏறவில்லையென்றால் 777 போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வழங்கியில் இயங்கும் வேறு எந்தக் கணக்கும் உங்கள் கோப்புறையில் எழுத அது இடம் கொடுத்துவிடும்.

மூன்று, படக் கோப்புறைக்குள் நிரல் ஓடாதபடி தடுக்கச் சொல்லுங்கள். அங்கே படம்தான் இருக்க வேண்டும். படம் என்ற பெயரில் நுழையும் நிரல் அங்கிருந்து இயங்க வழி இருக்கக்கூடாது.

நான்கு, கைத்தொலைபேசிக் கேமராவில் இடக் குறிப்பை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். அது இயங்கும்போது, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சில மீட்டர் துல்லியத்தில் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். வேர்ட்பிரஸ் உங்கள் அசல் கோப்பை அப்படியே வைத்திருப்பதால் அந்தக் குறிப்பும் கூடவே இருக்கும். மாணவர் ஒருவரின் வீட்டில் எடுத்த படம், அந்த வீட்டுக்கே வழி காட்டிவிடலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் சங்கத் தளத்தில் ஏதாவது ஒரு படத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, படத்தைப் புதிய தாவலில் திறங்கள். முகவரிப் பட்டையைப் படியுங்கள். ஆண்டும் மாதமும் இருக்கிறதா? கோப்புப் பெயரின் கடைசியில் 300×225 போன்ற எண்கள் இருந்தால் நீங்கள் பார்ப்பது சுருக்கிய நகல். இப்போது முகவரியில் கோப்புப் பெயரை மட்டும் அழித்துவிட்டு, மாதக் கோப்புறையோடு நிறுத்தித் தட்டுங்கள். தடை விதிக்கும் செய்தியோ வெற்றுப் பக்கமோ வந்தால் நல்லது. கோப்புகளின் பட்டியல் விரிந்தால் இன்றைக்கே வழங்கிச் சேவையாளரை அழையுங்கள்.

அடுத்து, 'மீடியா' பக்கத்தைத் திறந்து அங்குள்ள எண்களையும் குறிகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கோப்புறையின் இடம், கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை, காப்பு நகல் இருக்கும் இடம், கடைசியாக எடுத்த தேதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலவை மாறும்போது, கணக்குப் புத்தகத்தோடும் அலுவலகச் சாவியோடும் இந்தத் தாளையும் ஒப்படையுங்கள். படங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத புதிய செயலவைதான் பெரும்பாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி, பழைய முகவரிகளை உடைத்துவிடுகிறது.